கொயினா வரிசையில் உன் அப்பன்

தம்பி,

உன் டிரங்குப் பெட்டியில் அம்மா மடித்து வைத்திருக்கிற வெள்ளைச் சட்டைகளுக்கு அடியில் இந்தக் காகிதத்தை வைக்கிறேன். உறையை ஒட்டவில்லை. அம்மா எடுத்துப் படித்தாலும் சரி, கீழே காப்பிக்கடை நானா படித்தாலும் சரி. உன்னோடு பெரியாஸ்பத்திரியில் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் வேலை படித்து முடித்து, இப்போது ஆளுக்கொரு தோட்டத்துக்குப் போகிற பிள்ளைகள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து படித்தாலும் சரி. அவர்களும் படிக்க வேண்டும் என்றுதான் ஒட்டாமல் விட்டேன். நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. நீ நலமாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அதுதான் என் கஷ்டமே.

நேராகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உன் மேல் பொறாமை. பெற்றவன் பிள்ளை மேல் பொறாமைப்படுவானா என்று யாரும் வாயில் கை வைக்க வேண்டாம். எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. உனக்கும் எனக்கும் நடுவே பத்தொன்பது வயதுதான். இரண்டு பேரும் ஒரே கண்ணாடியில் முகம் மழிக்கிறோம். நீ மழித்தால் அம்மா பக்கத்தில் துண்டோடு நிற்கிறாள். நான் மழித்தால் “தண்ணிய சிந்தாதீங்க” என்கிறாள். மீன் குழம்பில் நடுத்துண்டு என்றைக்கு என் தட்டை விட்டு உன் தட்டுக்குப் போனது என்று எனக்கு நாள்கூட ஞாபகம் இருக்கிறது. நீ முதல்முதலாக அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி வந்த நாள். அவள் கரண்டியைத் தூக்கினாள், என் தட்டுக்கு மேல் ஒரு கணம் நிறுத்தினாள், பிறகு உன் பக்கம் கொண்டுபோனாள். நான் வாலைத் தின்றேன். முள் குத்தியது. சொல்லவில்லை.

வெளியிலும் இதே கதைதான். பாசாருக்கு மீன் வாங்கப் போனால் “டிரஸ்ஸரோட அப்பா” என்கிறார்கள். பதினோரு வருடமாக டாக்டர் ஐயாவின் கார் ஓட்டுகிறேன், இந்தத் தெருவில் எத்தனையோ பேரை நேரம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போயிருக்கிறேன், அதெல்லாம் ஒரே மாதத்தில் கரைந்துவிட்டது. போன மாதம் நானா கடையில் என்ன நடந்தது தெரியுமா? காப்பியை ஆற்றிக்கொண்டே கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார். “என்ன டிரைவரே, மகன் படிப்ப முடிச்சாச்சு. இனிமே உங்களுக்குக் காய்ச்சல்னா வீட்டுலயே பாப்பாரா, இல்ல அப்பனும் வரிசையில நிக்கணுமா?”

“நிக்கிறேன்லா நானா, உங்களுக்கு என்ன?” என்றேன்.

“கோவிக்காதீங்க. நீங்களும் படிச்சவருதான. அந்தத் தட்டு மட்டும் பறக்காம இருந்திருந்தா இன்னைக்கு நீங்களும் டிரஸ்ஸரு.”

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். தட்டுக் கதை உனக்குத் தெரியும். சின்ன வயதில் அதைச் சொல்லச் சொல்லிக் கேட்டுத்தான் நீ சோறு தின்பாய். நான் டிரஸ்ஸர் வேலை படித்துக்கொண்டிருந்தபோது பெரிய டிரஸ்ஸர் கோபத்தில், கத்தியும் கத்தரிக்கோலும் வைத்திருந்த தட்டை என் முகத்தில் வீசினார். நான் ஒவ்வொன்றாகப் பொறுக்கி மேசையில் வைத்துவிட்டு, “உங்க வேலையும் வேணாம், நீங்களும் வேணாம்” என்று சொல்லி வாசலைத் தாண்டினேன். முதலில் சொல்லும்போது அது பஞ்சு வைக்கிற கிண்ணமாகத்தான் இருந்தது. பிறகு தட்டாகியது. பிறகு ஒரு வெள்ளைக்கார டாக்டரும் கதைக்குள் வந்து நின்றார். உனக்குப் பத்து வயதாகும்போது என் நெற்றியில் இருக்கிற அம்மைத் தழும்பைக் கத்தி பட்ட இடம் என்று காட்டினேன். நீ அதைத் தொட்டுப் பார்த்தாய்.

யாரும் எதையும் வீசவில்லை தம்பி. நடந்தது வேறு. இருபது வருடமாக உன் அம்மாவுக்குக்கூடச் சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

படிப்பின் கடைசி வருடத்தில் பழகுவதற்காக என்னைக் கடல் தாண்டி அக்கரையில் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். பேர் வேண்டாம், இன்றைக்கு அந்தத் தோட்டம் கைமாறி வேறு பேரில் இருக்கிறது. அந்தக் காலத்தில் விடியும் முன்னே ஆள் எண்ணிப் பெரட்டு நடக்கும். லயத்து வீடுகளிலிருந்து ஜனம் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்போது மலேரியாவுக்குக் கொயினாத் தண்ணி கொடுக்க வேண்டும். என் வேலை அதுதான். ஒரு கையில் கிளாஸ், மறு கையில் பென்சில். குடித்தவர் பேருக்கு நேரே ஒரு கோடு. கொயினாவின் கசப்பு உனக்குத் தெரியும். பாதிப் பேர் அதை விழுங்கவே மாட்டார்கள். கன்னத்தில் அடக்கிக்கொண்டு தலையை ஆட்டிவிட்டுப் போய், ஆமணக்கு வேலிக்குப் பின்னால் துப்புவார்கள். இருட்டில் ஒன்றும் தெரியாது என்று நினைப்பு. எனக்குத் தெரியும். நான் கோடு போட்டுக்கொண்டே போனேன். ஒரு பேர்கூட விடாமல் கோடு இருப்பதைப் பார்த்துப் பெரிய டிரஸ்ஸர் என்னைத் தட்டிக்கொடுத்தார். “இந்தப் பையன் வந்த பிறகு ஒருத்தனும் தப்பிக்கிறதில்ல” என்று தோட்டத்துத் தொரையிடம் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் அழுத்தமாகக் கோடு போட்டேன்.

செவந்தி என்று ஒரு பெண். ஆறு மாதம் போலக் கர்ப்பம். அப்போது உன் அம்மாவும் நீயும் அதே நிலைமையில்தான் இங்கே பினாங்கில் இருந்தீர்கள். அவளும் தினமும் வாங்குவாள், கன்னத்தில் அடக்குவாள், வேலிக்குப் போவாள். ஒரு நாள் அவள் துப்புவதை நான் நேருக்கு நேர் பார்த்துவிட்டேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். சொல்லிவிடாதே என்பது போல ஒரு தரம் தலையை அசைத்தாள். எனக்கு உன் அம்மா ஞாபகம் வந்தது. பாவம், போகட்டும் என்று கோடு போட்டேன். அதை இரக்கம் என்று நினைத்தேன் தம்பி. ஏன் துப்புகிறாய் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. கேட்பது டிரஸ்ஸர் வேலையில் சேர்ந்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானாகவும் தெரிந்துகொள்ளவில்லை.

சில வாரம் கழித்து அவளைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். நடுக்கம், காய்ச்சல், பிதற்றல். பெரிய டிரஸ்ஸர் என் புத்தகத்தைப் புரட்டினார். “தினம் கொயினா குடிச்சிருக்கா. அப்ப இது மலேரியா இல்ல, வயித்துக் கோளாறுதான்” என்றார். பேதிக்குக் கொடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். “ஐயா, அவ குடிக்கவே இல்ல, நான் பொய்க் கோடு போட்டேன்” என்று சொல்ல மூச்சு விடுகிற நேரம் போதும். சொல்லவில்லை. லயத்து ஜனம் கொயினாவை அடக்கியதைப் போல நானும் அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு நின்றேன். இரண்டாம் நாள் அவள் போய்விட்டாள். வயிற்றில் இருந்ததும் அவளோடு போனது. அவள் புருஷன் என்னிடம் வந்து, “நீங்க நல்லாத்தான் பாத்தீங்க ஐயா” என்று கும்பிட்டான். அன்று மத்தியானமே நடக்க ஆரம்பித்தேன். பாகான் டாலாம் வழியாகப் பட்டர்வொர்த் ஜெட்டிக்கு வந்து படகேறிய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். தட்டுக் கதையைப் படகிலேயே யோசித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எந்த வேலையிலும் என் கால் தரிக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். தொங்கான் படகில் மூட்டை தூக்கினேன், அச்சாபீசில் எழுத்துக் கோத்தேன், படக்கொட்டகையில் டிக்கெட் கிழித்தேன். கடைசியில் டாக்டர் ஐயாவின் காரில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்கலாம் என்பதால் அந்த வேலை மட்டும் நிலைத்தது. பதினைந்து நாளைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காரை ஃபெர்ரியில் ஏற்றி அக்கரை கொண்டுபோவேன். டாக்டர் ஐயா பையோடு உள்ளே போவார். நான் வெளியே மரத்தடியில் நின்று கண்ணாடி துடைப்பேன். எத்தனை தோட்டத்து ஆஸ்பத்திரிகளை நான் வெளியிலிருந்தே பார்த்திருக்கிறேன்! எந்த டிரஸ்ஸரைப் பார்த்தாலும், இவன் இருக்கிற இடம் என்னுடையது என்று தோன்றும். ஆனால் அவர்கள் எல்லாம் அந்நியர்கள். அந்த எரிச்சல் ஃபெர்ரி ஏறியதும் போய்விடும். நீ அப்படியா? நீ வீட்டுக்கே வருகிறாய்.

உன் படிப்பு தொடங்கிய வருடம், கார் ஸ்டார்ட் பண்ணும்போது முன்னால் சுற்றுகிற கைப்பிடி எகிறி என் மணிக்கட்டைக் கிழித்தது ஞாபகம் இருக்கிறதா? நீ தண்ணீர் கொதிக்க வைத்து, துணியைப் போட்டு எடுத்து, கழுவிக் கட்டினாய். வலியே தெரியவில்லை. கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாய். நான் என்ன சொன்னேன்? “முடிச்சு தப்பு.” நீ அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினாய். மறுபடியும் தப்பு என்றேன். மூன்றாம் தரம் நானே ஒற்றைக் கையாலும் பல்லாலும் கட்டிக்கொண்டேன். நீ கட்டியது சரியான முடிச்சு. நான் கட்டியது அன்றைக்கே அவிழ்ந்து போனது. அதை உன்னிடம் சொல்லாமல் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

இனி நீ பழகப் போன தோட்டத்தைப் பற்றி. புக்கிட் தெங்காவுக்கு உள்ளே தள்ளி இருக்கிற அந்தத் தோட்டம். உன்னை அங்கே போட்டார்கள் என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டர் ஐயா போகிற தோட்டம் அது. பதினைந்து நாளைக்கு ஒரு தரம் நான் வெளியே நிற்க, நீ உள்ளே அவரோடு நடப்பாய். முதல் செவ்வாய் அப்படித்தான் நடந்தது. இரண்டாம் செவ்வாய் ரப்பர்ப் பால் நிறுக்கிற நேரத்துக்கு வந்து சேர்ந்தோம். ஜனம் எல்லாம் வாளியும் கையுமாகப் பால் கொட்டகைக்கு முன்னால் வரிசையில் நின்றது. அங்கே பழைய டிரஸ்ஸர் மருந்து வாளியை வரிசையின் கடைசியில் வைத்திருப்பார். பால் நிறுத்து, கணக்கு எழுதுகிற கிராணியிடம் பேர் சொல்லி, பிறகு கொயினா வாங்கி, அப்படியே வேலிப்பக்கம் நடையைக் கட்டலாம். நீ என்ன செய்தாய்? வாளியைத் தூக்கிக் கிராணி மேசைக்கு முன்னால் வைத்தாய். அவ்வளவுதான். கொயினா குடித்த அடுத்த நொடி ஒவ்வொருவரும் கிராணியிடம் வாயைத் திறந்து பேர் சொல்லியாக வேண்டும். சொன்னால்தான் பால் கணக்கு ஏறும். கன்னத்தில் எதையும் அடக்கிக்கொண்டு யாரும் பேர் சொல்ல முடியாது. அதட்டல் இல்லை, கங்காணியின் பிரம்பு இல்லை. மருந்து வாளியை நாலு அடி நகர்த்தி வைத்தாய். காருக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வயிறு எரிந்தது. அந்த நாலு அடி என் கண்ணுக்கு ஏன் தெரியவில்லை?

அப்போதுதான் அந்த அஞ்சலை வந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. வாங்கி வாயில் ஊற்றிக்கொண்டாள், மேசைக்கு முன்னால் போய் நின்றாள், பேசவில்லை.

“பேரச் சொல்லும்மா, நேரமாவுது லா” என்றான் கிராணி. அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். “ஊமையாயிட்டாடா!” என்று ஒருவன் கத்தினான்.

நீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் போனாய். “அக்கா, அதத் துப்பிடுங்க. இங்கயே துப்புங்க, பரவாயில்ல. ஏன் குடிக்கலன்னு மட்டும் சொல்லுங்க.”

துப்பினாள். “வயித்துல புள்ள இருக்கு. இதக் குடிச்சா கலஞ்சு போயிரும்னு சொல்றாங்க.”

“யாரு சொல்றா?”

“எல்லாருந்தான். உங்களுக்கென்ன தெரியும், நீங்க ஆம்பள.”

“எனக்குத் தெரியாதுதான். டாக்டர் ஐயா வந்திருக்காரு, உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க, அவர் முன்னாடியே கேப்போம். அது வரைக்கும் உங்க பேருக்கு நேரா ‘குடிக்கல’ன்னு எழுதுறேன்.”

“ஐயோ, அப்படி எழுதுனா தொரை திட்டுவாரே!”

“என்னத்தான திட்டுவாரு? நான் புத்தகத்துல பொய் எழுதி வச்சா, நாளைக்கு உங்களுக்குக் காய்ச்சல் வந்தா எதப் பாத்து வைத்தியம் பண்றது அக்கா?”

தம்பி, நீ அதை அவளிடம்தான் சொன்னாய். கையில் ஈரத்துணியோடு நின்ற என் மேல்தான் அது விழுந்தது. டாக்டர் ஐயா வந்து அவளையும் அவள் புருஷனையும் உட்கார வைத்துப் பேசியதும், எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று உனக்குச் சொன்னதும், அவள் எல்லார் முன்னாலும் குடித்துவிட்டு “அஞ்சலை!” என்று கொட்டகை அதிர அவள் பேரைச் சொன்னதும் எனக்கு ஏதோ தூரத்தில் நடப்பது போல் இருந்தது. ஜனம் சிரித்துக் கை தட்டியது. நீயும் சிரித்தாய். செவந்தியிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை, என் முகத்தைக் கொண்ட ஒருவன், என் குரலில், எனக்கு முன்னால் நின்று கேட்டுவிட்டான். வேறு எவனாவது கேட்டிருந்தால் வெட்கத்தோடு போயிருக்கும். நீ கேட்டதால் வெட்கம் பொறாமையாகத் திரும்பிவிட்டது.

அன்றைக்குத் திரும்பும்போது ஃபெர்ரியில் டாக்டர் ஐயா நல்ல குஷியில் இருந்தார். “பழைய டிரஸ்ஸர் ஊருக்குப் போறாராம். தொரை என்கிட்ட ஆள் கேக்குறாரு. உன் மகனும் அந்தத் தோட்டமே வேணும்னு எழுதிக் குடுத்திருக்கான். டவுன்ல இருக்கலாம்னு சொன்னாலும் கேக்க மாட்டேங்கிறான். வீட்டுல எப்படி அவன்? நிலையா நிப்பானா? அங்க பாதியில விட்டுட்டு ஓடுற ஆளப் போட்டா அந்த ஜனம் மறுபடி யாரையும் நம்பாது.”

நான் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். “நிக்க மாட்டாங்க ஐயா. என்னை மாதிரித்தான். சூடு இருக்கிற வரைக்கும் செய்வான், அப்புறம் ஓடிருவான்.”

அவர் என்னைப் பார்த்தார். “நெசமாவா?”

“பெத்தவனுக்குத் தெரியாதுங்களா?”

அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு வரி. அடுத்த வாரம் உனக்கு உத்தரவு வந்தது: டவுனில், மருந்து சாமான் வைக்கிற கிடங்கில் வேலை. அம்மா கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தாள். நானா காப்பிக்குக் காசு வாங்கவில்லை. “அதிர்ஷ்டக்காரப் புள்ள, கொசுக்கடிக்குப் போகாம டவுன்லயே ஒக்காந்துட்டாரு” என்றார். நீ மட்டும் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மாடியில் போய்ப் படுத்தாய். அன்று மீன் குழம்பில் நடுத்துண்டை நீ தொடவில்லை. அம்மா அதை எடுத்து என் தட்டில் வைத்தாள். தின்றேன் தம்பி. முழுசாகத் தின்றேன். எல்லாருக்கும் சந்தோஷம், யாருக்கு என்ன நஷ்டம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே தின்றேன்.

யாருக்கு நஷ்டம் என்று அடுத்த செவ்வாய்க்கிழமை தெரிந்தது. அந்தத் தோட்டத்தில் தற்காலிகமாக ஒருவரைப் போட்டிருந்தார்கள். பழைய பழக்கம் எப்படியோ அப்படியே செய்தார். மருந்து வாளி பழையபடி வரிசையின் கடைசிக்குப் போயிருந்தது. ஒருவர் பின் ஒருவராகக் கன்னத்தை உப்பிக்கொண்டு வேலிக்கு நடந்தார்கள். அவர் கோடு போட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு அந்தப் பென்சில் சத்தம்கூடக் கேட்டது. அஞ்சலை வாளியோடு காருக்குப் பக்கத்தில் வந்தாள்.

“டிரைவர் அண்ணே, அந்தப் பேர் கேக்கிற டிரஸ்ஸர் தம்பி எப்ப வருவாரு?”

“அவரு டவுன்ல இருக்காரும்மா. வர மாட்டாரு.”

“சொல்லிட்டுப் போனாரே, திரும்பி வர்றேன்னு.” வாளியை மறு கைக்கு மாற்றினாள். “அவரும் அப்படித்தானா” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

‘அவரும்’. உன்னையும் என்னையும் ஒரே வரிசையில் வைத்துவிட்டாள். நான் ஃபெர்ரியில் சொன்ன பொய்யை அவள் வாயில் உண்மையாக்கியவன் நான்தான்.

திரும்பும் வழியில், பட்டர்வொர்த் வருவதற்கு முன்னாலேயே, ஓரமாகக் காரை நிறுத்தினேன். டாக்டர் ஐயா டயர் போய்விட்டது என்று நினைத்து இறங்கப் பார்த்தார். “டயர் இல்லீங்க ஐயா, நான்தான்” என்றேன். செவந்தியில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். பொய்க் கோடு, தட்டுக் கதை, ஃபெர்ரியில் சொன்ன வார்த்தை எல்லாம். அவர் முழுக்கக் கேட்டார்.

“உன் வார்த்தைய நம்பி எழுதினேன்யா” என்றார். “இப்ப மாத்தி எழுதணும்னா காரணம் கேப்பாங்க. என்னன்னு எழுத?”

“டிரைவர் பொறாமையில பொய் சொன்னான்னு எழுதுங்க.”

“அப்படியேவா?”

“அப்படியே எழுதுங்க ஐயா. அந்தப் பொய்க் கோட்டை அழிக்க வேற வழி எனக்குத் தெரியல.”

அவர் எழுதினார். இங்கிலீஷில் என்ன எழுதினார் என்று எனக்குக் காட்டவில்லை. கார் சாவியைக் கொடுத்துவிடவா என்று கேட்டேன். “வண்டிய நீயே ஓட்டு. ஆனா இனிமே உன்கிட்ட ஆளப் பத்தி எதுவும் கேக்க மாட்டேன். வழி மட்டுந்தான் கேப்பேன்” என்றார். அடித்திருந்தால் தேவலை.

முந்தாநாள் உனக்குப் புது உத்தரவு வந்தது. நீ படியில் தாவித் தாவி ஏறி வந்து அம்மாவைத் தூக்கிச் சுற்றினாய். அவள், “டவுன் வேலைய விட்டுட்டுக் காட்டுக்குப் போறதுக்கா இந்தக் கூத்து?” என்று அழுதாள். நீ என்னைப் பார்த்து, “அப்பா, டாக்டர் ஐயாகிட்ட நீங்கதான் சொல்லியிருப்பீங்க” என்று சொல்லி என் கையைப் பிடித்தாய். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மறுபடியும் கன்னத்தில் அடக்கிக்கொண்டேன். அதைத்தான் இந்தக் காகிதத்தில் துப்பியிருக்கிறேன். படித்துவிட்டு நீ என்னோடு பேசாமல் இருந்தால் அது நியாயம். நான் கேட்க மாட்டேன்.

புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் ஓடிப்போனவனுக்குத் தெரிகிற சில விஷயங்கள் நிலைத்து நின்றவனுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன், உன்னோடு படித்த பிள்ளைகளுக்கும் சேர்த்து. யாராவது வந்து உன் புத்தகத்தைப் பார்த்து, ஒரு பேர்கூட விடவில்லையே என்று தட்டிக்கொடுத்தால் அன்றைக்கே பயப்படு. உன் புத்தகத்தில் ‘குடிக்கவில்லை’ என்று நாலு பேருக்காவது எழுதியிருந்தால் நீ லயத்தைப் பார்த்திருக்கிறாய் என்று அர்த்தம். எழுதியதோடு நிறுத்தாதே, அந்த நாலு வீட்டுக்கும் போ. போகும்போது அந்த வெள்ளைச் சட்டையைப் பற்றிக் கவலைப்படாதே. அழுக்கானால் துவைக்கலாம், அம்மா அதற்காகவே ஒரு கட்டிச் சவுக்காரம் வைத்திருக்கிறாள். உன் கையில் ஒருவர் செத்துப்போவார். கட்டாயம் நடக்கும். அன்றைக்கு உன் தப்பு ஏதாவது இருந்தால் அதை அங்கேயே, அந்தக் கட்டில் பக்கத்திலேயே வாய் திறந்து சொல்லிவிடு. அதன் பிறகும் ஓட வேண்டும் என்று தோன்றினால் நேராக இங்கே வா. ஒரு நாள் தூங்கு, அம்மா கையால் தின்னு. அடுத்த ஃபெர்ரியில் நானே திரும்பக் கொண்டுபோய் விடுகிறேன். எனக்கு அப்படி ஒரு ஆள் இல்லை. உன் தாத்தா நான் ஓடி வந்ததைப் பார்த்து, “நல்லதாப் போச்சு, மூட்ட தூக்கப் போ” என்றார்.

பொறாமை போய்விட்டது என்று இங்கே எழுதினால் அதுவும் ஒரு பொய்க் கோடுதான். போகவில்லை. இந்த வரியை எழுதும்போது அம்மா உன் கடைசிச் சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டுக்கொண்டிருக்கிறாள். காலரை மட்டும் மூன்று தரம் தேய்த்துவிட்டாள். என் சட்டை எதையும் அவள் அப்படித் தேய்த்ததில்லை. வயிறு எரியத்தான் செய்கிறது. எரியட்டும். அது என் வியாதி, நீ வைத்தியம் பார்க்க வேண்டியவர்கள் அக்கரையில் இருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். வருகிற செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய் டாக்டர் ஐயாவோடு நான் வருவேன். அவர் பையோடு உள்ளே போன பிறகு கண்ணாடி துடைத்துக்கொண்டு நிற்க மாட்டேன். நானா சொன்ன மாதிரியே வரிசையில் வந்து, அஞ்சலைக்கும் பின்னால், கடைசி ஆளாக நிற்பேன். அவளிடம் ‘அவரும்’ என்ற வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்ல வேண்டியும் இருக்கிறது. என் முறை வரும்போது அப்பா என்று கூப்பிடாதே. அளவைக் குறைக்காதே, கிளாஸ் நிறைய ஊற்று. எல்லாரிடமும் எப்படியோ என்னிடமும் அப்படியே நடந்துகொள். நான் விழுங்கிவிட்டு அந்த மேசைக்கு முன்னால் வந்து நிற்பேன்.

இந்தக் கடிதத்துக்குக் கீழே பேர் எழுதவில்லை. அங்கே வந்து வாய் திறந்து சொல்கிறேன். கேட்டுவிட்டுக் கோடு போடு.